கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன் மருத்துவர் சொல்ல வேண்டியவை: சட்டம் விதிக்கும் கடமை பற்றி ஓர் அறிமுகம்

புற்றுநோய்க்குத் தரப்படும் கதிர்வீச்சு சிகிச்சையின்போது நோயாளி ஒரு மேசையில் சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்கிறார். கருவி அவரைச் சுற்றி நகர்கிறது. பெரும்பாலும் வலியோ சூடோ எதுவும் தெரியாமலேயே அவர் எழுந்து வீட்டுக்குப் போகிறார். பார்ப்பவருக்கு எக்ஸ்ரே எடுப்பதைப் போலத் தோன்றும் இந்தச் சிகிச்சை, புற்றணுக்களைக் கொல்லும் அளவுக்கு வலிமையான கதிர்களை உடலுக்குள் செலுத்துகிறது. அவை செல்லும் வழியிலுள்ள நல்ல திசுக்களும் பாதிப்புக்கு உள்ளாகின்றன. அதனால், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு விவரங்களைச் சொல்லி அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டிய கடமை மருத்துவருக்கு எவ்வாறு உண்டோ, அவ்வாறே கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன்பும் உண்டு என்று பல நாடுகளின் சட்டங்கள் கருதுகின்றன. நோயாளி ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டால் அந்தக் கடமை நிறைவேறிவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் தவறு.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை இந்தக் கடமைக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. அறுவை சிகிச்சையால் ஏற்படும் தீங்கு பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தெரிந்துவிடும். கதிர்வீச்சால் ஏற்படும் தீங்கில் ஒரு பகுதி, சிகிச்சை முடிந்து, தோல் ஆறி, நோயாளி வேலைக்குத் திரும்பிப் பல மாதங்கள் கழிந்த பின்னரே, சில நேரங்களில் பத்து இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அந்த நேரத்தில் அவர் வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் இருக்கக்கூடும். தனக்கு வந்திருக்கும் தொல்லைக்கும் முன்பு பெற்ற சிகிச்சைக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றாமல் போகலாம். எனவே தகவல் சொல்லும் கடமையின் கனமான பகுதி இந்தப் பிற்கால விளைவுகளைப் பற்றியதாகவே இருக்கிறது; நடைமுறையில் மிக எளிதாக விடுபட்டுப்போகும் பகுதியும் அதுவே என்பது என் கருத்து.

கடமை உருவான விதம்

ஒருவருடைய அனுமதியின்றி அவருடைய உடலில் எதையும் செய்யக்கூடாது என்பது பழைய சட்டக் கொள்கை. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமாக அன்று விளங்கிய ரைக்ஸ்கெரிஷ்ட் 1894இல் அளித்த தீர்ப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தந்தையின் மறுப்பை மீறி ஒரு சிறுமியின் காலில் செய்யப்பட்ட அறுவை, மருத்துவ நோக்கில் சரியாகவே செய்யப்பட்டிருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது உடற்காயம் விளைவித்த செயல்தான் என்று அந்த நீதிமன்றம் கூறியது. ஆயினும், வெறும் அனுமதி வேறு, விளைவுகளை அறிந்து தரும் அனுமதி வேறு. ஒருவர் சிகிச்சைக்குச் சம்மதித்திருக்கிறார், ஆனால் அதில் உள்ள ஆபத்து அவருக்குச் சொல்லப்படவில்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் கூர்மையாக எழுந்தது. அதற்கு விடை தந்த முன்னோடி வழக்குகளில் ஒன்று கதிர்வீச்சு சிகிச்சையைப் பற்றியது.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த இர்மா நாடன்சன் என்ற பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்டது. நோய் திரும்பாமல் இருப்பதற்காக அறுவை செய்த பகுதிக்குக் கோபால்ட் கதிர்வீச்சு தரப்பட்டது. அக்காலத்தில் அது புதிய முறை. அந்தக் கதிர்வீச்சால் அவருடைய மார்புப் பகுதியின் தோலும் திசுக்களும் எலும்புகளும் கடுமையாகச் சேதமடைந்தன. இத்தகைய ஆபத்து உண்டு என்று தனக்குச் சொல்லப்படவில்லை என்பது அவருடைய முறையீடுகளில் ஒன்று. நடுவர் குழு மருத்துவரின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1960இல் கன்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. நோயின் தன்மை, சிகிச்சையின் தன்மை, வெற்றி வாய்ப்பு, மாற்று வழிகள், நேரக்கூடிய தீய விளைவுகள் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் எளிய மொழியில் விளக்குவது மருத்துவரின் கடமை என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. சிகிச்சையைத் திறமையாகவே அளித்த மருத்துவரும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே கவனக்குறைவுக்குப் பொறுப்பாகலாம் என்ற கருத்து இங்கிருந்து வலுப்பெற்றது.

எவ்வளவு சொல்ல வேண்டும்? இரண்டு அளவுகோல்கள்

எல்லா ஆபத்துகளையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பது இயலாது. அப்படியானால் எதைச் சொல்ல வேண்டும் என்பதை யாருடைய நிலையிலிருந்து முடிவு செய்வது? நீதிமன்றங்கள் இதற்கு இரண்டு விதமாக விடையளித்திருக்கின்றன.

முதலாவது, மருத்துவர்களின் அளவுகோல். 1957இல் இங்கிலாந்தில் போலம் என்பவருடைய வழக்கில் சொல்லப்பட்ட விதியின்படி, பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்றுக்கொள்ளும் நடைமுறையைப் பின்பற்றிய மருத்துவர் கவனக்குறைவாக நடந்தவர் ஆகமாட்டார். 1985இல் சைடவே வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் அவை, தகவல் சொல்லும் கடமையையும் பெரும்பாலும் இந்த வழியிலேயே அணுகியது. இதன்படி, சக மருத்துவர்கள் இத்தகைய ஆபத்தை வழக்கமாகச் சொல்வதில்லை என்று காட்டினாலே மருத்துவர் தப்பிவிட முடிந்தது.

இரண்டாவது, நோயாளியின் அளவுகோல். 1972இல் அமெரிக்காவில் கேன்டர்பரி வழக்கில் இது தெளிவாக முன்வைக்கப்பட்டது. 1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ராஜர்ஸ் எதிர் விட்டேக்கர் வழக்கில் இதை ஏற்றது. அந்த வழக்கில் ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இழந்திருந்த பெண்ணுக்கு அதே கண்ணில் அறுவை செய்யப்பட்டது. நல்ல கண்ணுக்கு எந்தத் தீங்கும் வந்துவிடக்கூடாது என்று அவர் திரும்பத் திரும்பக் கவலை தெரிவித்திருந்தும், அந்தக் கண்ணும் பாதிக்கப்படலாம் என்பது சொல்லப்படவில்லை. அந்த ஆபத்தின் வாய்ப்பு ஏறத்தாழ 14,000 பேரில் ஒருவருக்குத்தான். எனினும் அவருக்கு அது நேர்ந்தது. எண்ணிக்கையில் அரிதாக இருப்பதால் மட்டும் ஓர் ஆபத்து சொல்லத் தேவையற்றது ஆகிவிடாது என்று நீதிமன்றம் கருதியது. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் மான்ட்கோமரி வழக்கில் சைடவே தீர்ப்பைக் கைவிட்டு இந்த வழிக்கு வந்தது. நோயாளியின் நிலையில் இருக்கும் நியாயமான ஒருவர் எந்த ஆபத்தை முக்கியமாகக் கருதுவாரோ அதைச் சொல்ல வேண்டும். எதிரில் அமர்ந்திருக்கும் இந்த நோயாளி எதை முக்கியமாகக் கருதுவார் என்று மருத்துவருக்குத் தெரியுமோ, தெரிந்திருக்க வேண்டுமோ, அதையும் சொல்ல வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் இந்த இரண்டையும் எடைபோட்டு, நோயாளிக்குப் போதுமான தகவல் தரப்பட்ட பின்னர் பெறப்படும் ஒப்புதலே உண்மையான ஒப்புதல் என்று கூறியது. ஆனால் எது போதுமானது என்பதில் மருத்துவ வழக்கத்துக்கு அமெரிக்க முறையைவிடக் கூடுதலான இடம் கொடுத்தது. ஆக, எந்த நாட்டின் சட்டம் பொருந்துகிறது என்பதைப் பொறுத்து வரம்பு சற்று மாறும். இருப்பினும், கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும் என்பதிலும், சிகிச்சையின் தன்மையையும் கணிசமான ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்ல வேண்டும் என்பதிலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

மான்ட்கோமரி தீர்ப்பின் இரண்டாம் பகுதி கதிர்வீச்சு சிகிச்சைக்கு மிகவும் பொருந்துகிறது. குரல்வளைக்குக் கதிர்வீச்சு பெறும் ஒரு பாடகருக்கும், குரலை நம்பிப் பிழைக்காத ஒருவருக்கும் குரல் மாற்றம் என்ற ஆபத்தின் எடை ஒன்றல்ல. அக்குள் பகுதிக்குக் கதிர்வீச்சு தரும்போது கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை பாதிக்கப்படுவது அரிதுதான். ஆனால் விரல்களின் நுண்மையான அசைவைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் அதை அறியாமல் முடிவெடுப்பது நியாயமாகாது. ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றமும் 1984இல் கதிர்வீச்சு பெற்றபின் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒரு நோயாளியின் வழக்கில், ஓர் ஆபத்து அரிதானதாக இருந்தாலும், அது அந்தச் சிகிச்சைக்கே உரியதாகவும், நேர்ந்தால் வாழ்க்கையைக் கடுமையாகச் சுமைப்படுத்துவதாகவும் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்றே கருதியது.

கதிர்வீச்சு சிகிச்சையில் சொல்லப்பட வேண்டியவை

முதலில் சொல்லப்பட வேண்டியது சிகிச்சையின் நோக்கம். நோயை முழுமையாகக் குணப்படுத்துவதற்கா, அறுவைக்குப் பின் எஞ்சியிருக்கக்கூடிய அணுக்களை அழித்து நோய் திரும்புவதைத் தடுப்பதற்கா, அல்லது குணப்படுத்த முடியாத நிலையில் வலியையும் இரத்தக் கசிவையும் மூச்சுத்திணறலையும் தணிப்பதற்கா என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். கருவியும் அறையும் ஒன்றாகவே இருப்பதால், தணிப்புக்காகத் தரப்படும் சிகிச்சையையும் குணமாக்கும் சிகிச்சை என்று நோயாளி நம்பிவிடுவது மிக எளிது. குணப்படுத்த முடியாத நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் சிகிச்சையால் தங்களுக்கு நோய் குணமாக வாய்ப்பில்லை என்பதை 64 விழுக்காட்டினர் புரிந்துகொண்டிருக்கவில்லை என்று தெரியவந்தது. நோக்கத்தையே தவறாகப் புரிந்துகொண்டவர் தந்த ஒப்புதலின் மதிப்பு என்ன என்று சட்டம் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. நம்பிக்கையைக் குலைக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் நோக்கத்தை மங்கலாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மீதமிருக்கும் காலத்தில் எத்தனை நாட்களை மருத்துவமனையில் செலவிடுவது என்ற முடிவு நோயாளியுடையது.

அடுத்து மாற்று வழிகள். ப்ராஸ்டேட் சுரப்பிக்குள் மட்டும் உள்ள புற்றுநோய்க்குப் பல நேரங்களில் அறுவை, கதிர்வீச்சு, உடனடிச் சிகிச்சையின்றிக் கவனமாகக் கண்காணித்தல் ஆகிய மூன்றும் முன்வைக்கத்தக்க வழிகளாக இருக்கின்றன. அவற்றின் பக்கவிளைவுகள் வேறுவேறானவை. கதிர்வீச்சு மருத்துவர் தம் துறையின் வழியை மட்டும் விளக்கிவிட்டு ஒப்புதல் பெறுவது, தகவலைப் பாதியில் நிறுத்துவதற்குச் சமம். சிகிச்சையே எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதும் ஒரு மாற்று வழிதான். அதுவும் சொல்லப்பட வேண்டும். கதிர்வீச்சுக்குள்ளேயே தெரிவுகள் இருப்பதும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் 5 வாரங்களில் 25 தவணைகளாக 50 கிரே தருவது நீண்டகால வழக்கம். கிரே என்பது திசு உட்கொள்ளும் கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு. 3 வாரங்களில் 15 தவணைகளாக 40 கிரே தருவது இன்று பல இடங்களில் இயல்பாகிவிட்டது. ஒரே வாரத்தில் 5 தவணைகளாக 26 கிரே தரும் முறையின் ஐந்தாண்டு முடிவுகள் 2020இல் வெளியாயின. எலும்புக்குப் பரவிய புற்றின் வலியைத் தணிக்க ஒரே தவணையில் 8 கிரே போதுமானதாக இருக்கும் சூழல்கள் பல உண்டு. தமக்குப் பொருந்தும் குறுகிய முறை ஒன்று இருக்கும்போது அதை அறியாமல் வாரக்கணக்கில் அலைவது நோயாளிக்குச் சிறிய செய்தி அல்ல.

பக்கவிளைவுகளை இரண்டாகப் பிரித்துச் சொல்வது மருத்துவ வழக்கம். சிகிச்சையின்போதும் அதையடுத்த சில வாரங்களிலும் வருபவை உடனடி விளைவுகள்: களைப்பு, தோல் சிவந்து உரிதல், வாய்ப்புண், விழுங்குவதில் சிரமம், வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல் போன்றவை. இவை பெரும்பாலும் ஆறிவிடும். கதிர்வீச்சில் முடி உதிர்வது கதிர் படும் பகுதியில் மட்டும்தான் என்பதும், உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர்வீச்சால் நோயாளியின் உடல் மற்றவர்களுக்கு ஆபத்தான கதிர்களை வெளியிடும் பொருளாக மாறிவிடுவதில்லை என்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டால் பல தேவையற்ற அச்சங்கள் நீங்கும். ஆனால் தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் தரும்போதும், கதிரியக்க விதைகள் எனப்படும் சிறு துணுக்குகளில் சில வகைகளை உடலுக்குள் வைக்கும்போதும் நிலைமை வேறு. சில காலம் குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்பதும் அப்போது சொல்ல வேண்டிய தகவலாகிறது.

பிற்கால விளைவுகள் உடலின் எந்தப் பகுதிக்குக் கதிர்வீச்சு என்பதைப் பொறுத்தவை. தலை, கழுத்துப் பகுதியில் உமிழ்நீர் குறைந்து வாய் நிரந்தரமாக வறண்டுபோகலாம்; தைராய்டு சுரப்பி மெல்லச் செயல் குன்றலாம்; தாடை எலும்பின் இரத்த ஓட்டம் குறைவதால், பல ஆண்டுகள் கழித்து ஒரு பல்லைப் பிடுங்கினால்கூட அந்த எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. சிகிச்சைக்கு முன்பே பல் மருத்துவரிடம் அனுப்பி, காப்பாற்ற முடியாத பற்களை எடுத்துவிடச் சொல்வதற்கும், இனி எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் கதிர்வீச்சு பெற்றதைத் தெரிவிக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். அந்தக் காரணத்தைச் சொல்லாமல் கட்டளையை மட்டும் சொன்னால் பத்து ஆண்டுகள் கழித்து யாருக்கும் அது நினைவிருக்காது. இடுப்புப் பகுதியில் குடலும் சிறுநீர்ப்பையும் நீண்டகாலம் பாதிக்கப்படலாம். பாலுறவில் சிரமங்கள் வரலாம். பெண்களுக்கு முன்கூட்டியே மாதவிடாய் நின்றுவிடலாம். ஆண், பெண் இருவருக்கும் குழந்தை பெறும் திறன் குறையலாம் அல்லது இல்லாமலே போகலாம். விந்தணுவையோ கருமுட்டையையோ முன்கூட்டிச் சேமித்து வைக்கும் வாய்ப்பு சிகிச்சை தொடங்கும் முன்புதான் இருக்கிறது. சிகிச்சை முடிந்தபின் இதைச் சொல்வது தகவல் ஆகாது. இழப்பை அறிவிப்பது மட்டுமே ஆகும். பாலுறவு பற்றிய விளைவுகளை இருதரப்பிலும் உள்ள கூச்சம் மறைத்துவிடுகிறது. மருத்துவரின் கூச்சத்தைச் சட்டம் ஒரு காரணமாக ஏற்காது.

இடது மார்பகத்துக்கான கதிர்வீச்சில் இதயத்துக்கும் சிறிதளவு கதிர் செல்லக்கூடும். இதயம் பெறும் சராசரி அளவு 1 கிரே கூடும்போது பெரிய இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7.4 விழுக்காடு கூடுகிறது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்த எண்ணை அப்படியே நோயாளியிடம் சொன்னால் அவர் நூற்றில் ஏழு பேருக்கு இதய நோய் வரும் என்று புரிந்துகொள்வார், அது தவறு. ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல் அந்த விகிதத்தில் கூடுகிறது என்பதே பொருள். இளவயதினரும் புகைபிடிக்காதவருமான ஒருவருக்கு அந்தக் கூடுதல் மிகச் சிறியது. முன்பே இதயநோய் உள்ளவருக்குக் கணிசமானது. மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தியபடி கதிர்வீச்சு பெறும் முறை பலருக்கு இதயத்தின் பங்கைக் குறைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் தகவல் முழுமை பெறும். எண்களைச் சொல்வதோடு கடமை முடிவதில்லை. அவை தவறாகப் புரிந்துகொள்ளப்படாமல் பார்த்துக்கொள்வதும் கடமையே.

கதிர்வீச்சே பிற்காலத்தில் வேறொரு புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்பு சிறிது உண்டு. முதியவர்களுக்கு இதன் எடை குறைவு. குழந்தைகளுக்கும் இளையோருக்கும் அதிகம். ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுக்காக இளவயதில் மார்புக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே பரிசோதனைகளைத் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது. சிகிச்சையின்போது அவருக்கு இது சொல்லப்படவில்லை என்றால், பின்னாளில் அந்தப் பரிசோதனைக்கு அவர் போகவே வழியில்லை.

நோயாளி செய்ய வேண்டியவையும் தகவலில் அடங்கும். தவணைகளை இடையில் விட்டுவிட்டால், குறிப்பாகத் தலை, கழுத்துப் புற்றில், நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. புகைபிடிப்பதைத் தொடர்ந்தால் சிகிச்சையின் பலன் குறைவதோடு பக்கவிளைவுகளும் கூடுகின்றன. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தியிருப்பவரும், கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவரும் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதை அவர்களாக ஊகித்துக்கொள்ள முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் மருத்துவரே.

இவை வழக்குத் தீர்ப்புகளால் மட்டும் வந்த கடமைகள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வெளியிட்ட கதிர்வீச்சுப் பாதுகாப்பு நெறிமுறையும், பிரிட்டனில் 2017இல் வந்த மருத்துவக் கதிர்வீச்சு ஒழுங்குவிதிகளும், இயன்ற இடங்களிலெல்லாம் கதிர்வீச்சுக்கு முன்பே அதன் நன்மைகளையும் ஆபத்துகளையும் பற்றிப் போதிய தகவலை நோயாளிக்குத் தர வேண்டும் என்று எழுத்திலேயே விதித்திருக்கின்றன.

எப்போது, யார், எப்படி

கதிர்வீச்சு சிகிச்சை ஒரே நாளில் தொடங்கிவிடுவதில்லை. திட்டமிடுவதற்கான சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது, தோலில் சிறு புள்ளிகள் பச்சை குத்தப்படுகின்றன, அல்லது முகத்துக்கு அளவான முகமூடி செய்யப்படுகிறது, மருத்துவ இயற்பியலாளர்கள் அளவுகளைக் கணக்கிடுகிறார்கள். இந்த ஏற்பாடுகள் முடிந்து, முதல் தவணைக்காகக் காத்திருக்கும் அறையில் படிவத்தை நீட்டினால், அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் மனத்துணிவு யாருக்கும் எளிதில் வராது. எனவே உரையாடல் திட்டமிடல் ஸ்கேனுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். யோசிக்கவும் குடும்பத்தாருடன் பேசவும் இடைவெளி இருந்திருக்க வேண்டும். முதல் தவணையன்று ஒப்புதலை மறுபடி உறுதிசெய்துகொள்வது நல்ல நடைமுறை.

பேசுபவர் அந்தச் சிகிச்சையை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும். வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். ஆனால் போதிய தகவல் தரப்பட்டது என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு பொதுவாகச் சிகிச்சையை முன்னின்று நடத்தும் மருத்துவரிடமே இருக்கும். நோயாளிக்குத் தெரியாத மொழியில் அச்சிடப்பட்ட படிவமும், கலைச்சொற்கள் நிறைந்த வேகமான பேச்சும் தகவல் ஆகமாட்டா. மான்ட்கோமரி தீர்ப்பும் இதையே சொல்கிறது: நோயாளியால் உள்வாங்க முடியாத தொழில்நுட்பத் தகவல்களால் அவரைத் திணறடிப்பதாலோ, படிவத்தில் கையெழுத்தைக் கேட்பதாலோ கடமை நிறைவேறாது. கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு நோயாளியைக் கேட்டுக்கொள்வது, புரிந்ததா என்று அறிய நல்ல வழி. கையெழுத்து இந்த உரையாடல் நடந்ததற்கு ஒரு சான்று மட்டுமே. மருத்துவர் என்ன சொன்னார், நோயாளி என்ன கேட்டார் என்று மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கும் நான்கு வரிகள் நீதிமன்றத்தில் அச்சுப்படிவத்தைவிட வலுவான சான்றாகலாம்.

ஒப்புதல் தந்தவர் அதைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. பத்தாவது தவணையில் நிறுத்த விரும்பினால் நிறுத்தலாம். அப்போது, பாதியில் விடுவதால் வரும் விளைவுகளைத் தெளிவாகச் சொல்வதே மருத்துவரின் கடமை, அச்சுறுத்துவது அன்று.

விதிவிலக்குகள்

நோயாளி சுயநினைவின்றி இருந்து, உயிரையோ உறுப்பையோ காக்க உடனே செயல்பட வேண்டியிருந்தால் ஒப்புதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கதிர்வீச்சில் இத்தகைய நிலை குறைவு. புற்றுக்கட்டி தண்டுவடத்தை அழுத்தும்போது அவசரமாகக் கதிர்வீச்சு தர வேண்டியிருக்கலாம். ஆயினும் நோயாளி தெளிவாக இருந்தால் சுருக்கமாகவேனும் அவரிடம் பேசியாக வேண்டும். விவரம் வேண்டாம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று நோயாளி தாமாக முன்வந்து சொன்னால் அதை மதிக்கலாம். உண்மையைச் சொல்வதே நோயாளியின் உடல்நலத்துக்குக் கடும் தீங்கு விளைவிக்கும் என்ற அரிய சூழலில் மறைக்கச் சட்டம் இடம் தருகிறது. நோயாளி கவலைப்படுவார், சிகிச்சையை மறுத்துவிடுவார் என்ற காரணங்கள் அதற்குள் அடங்கா.

உறவினர்கள் மருத்துவரைத் தனியே அழைத்து, நோயாளியிடம் எதையும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது உண்டு. அதன் பின்னால் இருக்கும் அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தெளிந்த மனமுடைய வயதுவந்த ஒருவருக்காக இன்னொருவர் ஒப்புதல் தர முடியாது. சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்கமருந்து தரப்பட்டிருந்த பெண்ணின் தாயிடம் ஒப்புதல் பெற்று, அவருடைய கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. உயிராபத்து எதுவும் இல்லாத நிலையில், நினைவு திரும்பும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குழந்தைகளுக்காகப் பெற்றோர் ஒப்புதல் தருகிறார்கள். அப்போதும் குழந்தையின் வயதுக்கேற்ப அதற்கும் விளக்க வேண்டும்.

கடமை மீறப்பட்டால்

சொல்லவில்லை என்பது மட்டும் பொதுவாக இழப்பீட்டுக்குப் போதாது. சொல்லாமல் விட்ட அந்த ஆபத்து உண்மையில் நேர்ந்திருக்க வேண்டும். முன்பே சொல்லியிருந்தால் நோயாளி வேறு முடிவெடுத்திருப்பார் என்பதும் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது தடைதான் கதிர்வீச்சு வழக்குகளில் கடினமானது. உயிரைக் காக்கும் சிகிச்சையை, ஆபத்து தெரிந்திருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். கனடா உச்ச நீதிமன்றம் 1980இல் ரைபிள் என்பவருடைய வழக்கில், நோயாளியின் நிலையில் இருந்த நியாயமான ஒருவர் என்ன முடிவெடுத்திருப்பார் என்று பார்க்க வேண்டும் என்றது. நிரூபிக்கும் சுமையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: பிரான்ஸில் 1997 முதல், தகவல் சொன்னதை மருத்துவரே நிரூபிக்க வேண்டும், ஜெர்மனியிலும் அவ்வாறே. ஆங்கிலச் சட்டமரபைப் பின்பற்றும் நாடுகளில் அந்தச் சுமை பெரும்பாலும் நோயாளியுடையது.

காலவரம்பு இன்னொரு சிக்கல். பிரான்ஸில் 1925இல் மூக்கு நோய்க்காக எக்ஸ்ரே சிகிச்சை பெற்ற மெர்சியே என்ற பெண்ணுக்கு முகத்தின் சளிச்சவ்வுகளில் கதிர்வீச்சுப் புண் ஏற்பட்டது. அவரும் அவருடைய கணவரும் 1929இல் வழக்குத் தொடுத்தபோது, மூன்றாண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது என்று வாதிடப்பட்டது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் இருப்பது ஓர் ஒப்பந்தம், ஆகவே அந்தக் குறுகிய வரம்பு பொருந்தாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1936இல் தீர்ப்பளித்தது. தாமதமாக வெளிப்படும் தீங்குக்குச் சட்டம் வழிவிட வேண்டியிருந்த முதற்கட்ட வழக்குகளில் அது ஒன்று. இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம், தீங்கு நேர்ந்த நாளிலிருந்தோ அதை நோயாளி அறிந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து மூன்றாண்டு என்று கணக்கிடுகிறது.

சிகிச்சைக்குப் பிறகு

தவறு நேர்ந்தால் அதைச் சொல்வதும் கடமையே. பிரான்ஸின் எப்பினால் நகர மருத்துவமனையில் 2004, 2005 ஆண்டுகளில் ப்ராஸ்டேட் புற்றுநோயாளிகள் பலர் திட்டமிட்டதைவிட அதிகக் கதிர்வீச்சைப் பெற்றுக் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பலருக்கு உரிய நேரத்தில் அது சொல்லப்படவில்லை. 2013இல் இரண்டு மருத்துவர்களும் ஓர் இயற்பியலாளரும் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டனர். இங்கிலாந்தில் 2014 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் தீங்கு விளைவிக்கும் பிழைகளை நோயாளிக்கு வெளிப்படையாகத் தெரிவிப்பது மருத்துவமனைகளின் சட்டபூர்வக் கடமையாக்கப்பட்டிருக்கிறது.

தவறே நேராத சிகிச்சைக்குப் பின்பும் ஒரு தகவல் மிஞ்சியிருக்கிறது. உடலின் எந்தப் பகுதிக்கு, எத்தனை கிரே, எத்தனை தவணைகளில், எந்தத் தேதிகளில் கதிர்வீச்சு தரப்பட்டது, எந்தப் பிற்கால விளைவுகளை எத்தனை ஆண்டுகளுக்குக் கவனிக்க வேண்டும் என்பவை அடங்கிய சுருக்கக் குறிப்பு நோயாளியின் கையில் இருக்க வேண்டும். ஒரே இடத்துக்கு மறுபடி கதிர்வீச்சு தர வேண்டியிருந்தால், முன்பு தந்த அளவு தெரியாமல் எந்த மருத்துவராலும் பாதுகாப்பாகத் திட்டமிட முடியாது. மருத்துவமனைக் கோப்புகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படலாம் என்பதால், சிகிச்சை முடியும் நாளிலேயே இந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.